கம்பு குத்தியவர்கள்

எங்கள் வீட்டில் மூன்று வருஷம் குக்கர் இல்லை. 2016இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவித் துடைத்து, நான்ஸ்டிக் தவாக்களோடு சேர்த்து அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த நிம்மதி பொய்யென்று இன்றும் சொல்ல மாட்டேன்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. பனிக்காலம் வந்தால் மூச்சு இரைக்கும். நடுராத்திரியில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். சிசேரியனில் பிறந்தவள். எனக்குப் பால் போதவில்லை என்று மூன்றாம் மாதமே புட்டிப்பாலுக்கு மாறியிருந்தோம். "தாய்ப்பால் குடிச்சு வளந்திருந்தா இப்படி ஆகுமா?" என்று என் காதுபடக் கேட்காத உறவினர்கள் குறைவு. நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்ற எண்ணம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது, அதுவும் உன் சமையலறையிலேயே இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காமல் இருக்க முடியுமா?

சொல்வதற்கு நிறையப் பேர் இருந்தார்கள். நம்மாழ்வாரின் பேச்சுகளை அவர் மறைந்த பிறகுதான் நான் கேட்கத் தொடங்கினேன். மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் அவர் பேசியதில் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகக் கோவை வ.உ.சி. மைதானத்தில் கூட்டம் கூடியபோது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அதற்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டுச் சர்க்கரை, மரச்செக்கு எண்ணெய் என்ற பேச்சு எங்கள் தெரு முழுவதும் கேட்டது. குழந்தை வளர்க்கும் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். அங்கேதான் எல்லாம் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதில் எனக்கு உண்மையான சந்தோஷம் இருந்தது. சாமைக்கும் குதிரைவாலிக்கும் வித்தியாசம் தெரியாமல் முப்பது வயது வரை இருந்தவள் நான். இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவது, மண்சட்டியில் கொள்ளு வேகவைப்பது, சந்தகை பிழிவது எல்லாம் கைக்கு வந்தன. தலைக்கு அரப்பு, உடம்புக்குப் பாசிப்பயறு மாவு, துணிக்குப் பூந்திக்கொட்டை. மகளுக்கு டயப்பர் போடுவதை நிறுத்திப் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து மடித்துக் கட்டினேன். அவளுக்கு இரைப்பு குறைந்தது. சாப்பாட்டால் குறைந்ததா, வயது ஏற ஏறக் குறைந்ததா என்று நான் யோசிக்கவே இல்லை.

காலை நாலரைக்கு எழுந்திருப்பேன். கம்பஞ்சோறு ஆக்க வேண்டுமானால் கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் குத்தி, முறத்தில் புடைத்துத் தவிடு நீக்கி, மறுபடி குத்தி, அப்புறம்தான் உலை. ஒரு நேரச் சோற்றுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மில்லில் உடைத்த கம்பு கடையில் கிடைக்கும். ஆனால் அதில் சத்து போய்விடும் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். உரலும் உலக்கையும் ஊரில் அமுச்சி வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்தன. வாடகை வண்டி பிடித்துக் கொண்டுவந்தேன்.

பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். வேலையை விடு என்று யாரும் சொல்லவில்லை. வேலைக்குப் போக முடியாதபடி நாள் நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். 2017 ஜூனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கணவர் கெட்டவர் இல்லை. ஞாயிறுதோறும் செக்கு எண்ணெயும் காய்கறியும் வாங்கி வருவார். ஒருமுறை இயற்கைச் சந்தை ஒன்றின் மேடையில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். "எங்க வீட்டுல வெள்ளைச் சர்க்கரை இல்லைங்க, மைதா இல்லைங்க, பாக்கெட் மாவு இல்லைங்க. ரொம்பச் சுலபங்க, மனசு வெச்சாப் போதும்" என்றார். கைதட்டினார்கள். நான் கூட்டத்தின் பின்வரிசையில், மகளுக்கு ராகிக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் மனசு வைத்தது உண்மைதான். கையை வைத்தது நான். அன்றைக்கு இப்படி எனக்குத் தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

உரல் வந்த வாரம் அம்மா வீட்டுக்கு வந்தார். வாசலில் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏங்கண்ணு, இத எறக்கி வெக்கறதுக்கு நாங்க எத்தன வருசம் பாடுபட்டோம். நீ மறுக்கா ஏத்தி வெச்சுக்கறயே."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் காலத்துச் சாப்பாட்டினால்தான் அமுச்சி ஒன்பது பிள்ளை பெற்றும் கல் மாதிரி இருந்தார் என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஒம்பது பெத்தாங்க. அஞ்சுதான் தங்குச்சு. கடைசிப் பிரசவத்துக்கப்பறம் செவுத்தப் புடிச்சுட்டுத்தான் நடப்பாங்க. களைப்புன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. 'கண்ணு இருட்டுது'ம்பாங்க, ஒக்காருவாங்க, மறுபடி எந்திரிச்சு வேலையப் பாப்பாங்க. நீ அதக் கல்லுங்கற."

அம்மா கிரைண்டர் வாங்கியது 1984இல். எங்கள் வீதியில் அதுதான் முதல் கிரைண்டர். அது ஓடுவதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்களாம். ஆட்டுக்கல்லில் உளுந்தாட்டிய நேரம் மிச்சமானபோதுதான் அம்மா தையல் படித்தார். அந்தத் தையலில் வந்த காசில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். 2011இல் அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு கிரைண்டர் ஒரு பெண்ணின் நாளில் எத்தனை மணி நேரத்தைத் திருப்பித் தருகிறது என்று கணக்குப் போட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

2019இல் இரண்டாவது முறை கருவுற்றேன். அதற்கு முந்தைய வருஷம் ஜூலையில்தான் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு பெண் ரத்தப்போக்கால் இறந்துபோயிருந்தார். நாடு முழுவதும் செய்தி வந்தது. எங்கள் குழுவில் இரண்டு நாள் அமைதியாக இருந்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர், "பயம்தான் நோய்" என்று போட்டார். பத்துப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். அதை எழுத எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு நான் போகவில்லை. ஆனால் கிராம சுகாதாரச் செவிலியர் கொடுத்துவிட்டுப் போன இரும்புச்சத்து மாத்திரைகளை அலமாரியில் அப்படியே வைத்திருந்தேன். முருங்கைக்கீரை இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது, கம்பு இருக்கிறது, மாத்திரை எதற்கு? ஏழாம் மாதம் ஒருநாள் காலையில் உலக்கையைத் தூக்கினேன். கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அமுச்சி சொன்ன அதே வார்த்தை என் வாயிலும் வந்தது. கேட்க அங்கே யாரும் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும். எனக்கு 7.4. செவிலியர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

"நாலரைக்குங்க."

"மொதல் வாய் எப்பச் சாப்புடுவீங்க?"

யோசித்தேன். "பதினொண்ணாவுமுங்க."

"என்ன சாப்புடுவீங்க?"

"மிச்சம் இருக்கறத."

மூன்று வருஷமாக வீட்டில் ஒவ்வொரு தானியத்தின் சத்தையும் பேசியவள் நான். என் தட்டில் என்ன விழுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சூடான களியும் கீரையும் குழந்தைக்கும் அவருக்கும் போகும்; எனக்குச் சட்டியின் அடி. அமுச்சியும் அப்படித்தான் சாப்பிட்டார். நான் மீட்டெடுத்த பாரம்பரியத்தில் கம்பும் ராகியும் மட்டும் வரவில்லை. கடைசியாகச் சாப்பிடும் வழக்கமும் கூடவே வந்திருக்கிறது.

செவிலியர் கணக்கையும் சொன்னார். கர்ப்ப காலத்தில் நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தை மாத்திரையாக எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரு கைப்பிடிக் கீரையில் இருப்பது சில மில்லிகிராம். அதிலும் சிறு பங்கைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். தானியத்தின் தவிட்டில் இருக்கும் பைட்டேட் அதையும் குறைக்கும். நான் ஒன்றரை மணி நேரம் குத்திக் காப்பாற்றிய தானியம் என்னைக் காப்பாற்றப் போதுமானதாக இல்லை. சில நாள் இடைவெளிவிட்டு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். மகன் அரசு மருத்துவமனையில் பிறந்தான். எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. யார் கொடுத்த ரத்தமோ தெரியாது.

இந்தக் கதையைச் சொன்னால் சிலர், "அப்ப சிறுதானியம் வேஸ்ட்டுங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை. ராகியில் அரிசியைவிடப் பல மடங்கு கால்சியம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்றும் களி உண்டு. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது நல்ல சாப்பாடு தேவையில்லை என்று யார் சொல்வார்கள்? என் கேள்வி, அந்தச் சாப்பாடு யாருடைய நேரத்தில் தயாராகிறது, யார் தட்டில் எப்போது விழுகிறது என்பதுதான். 2019இல் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களே நான்கில் ஒருவர்தான். இந்த 299 நிமிடத்தை யாரும் பகிர்ந்துகொள்ளாமல் "பழமைக்குத் திரும்புவோம்" என்று சொன்னால், திரும்பிப் போகிறவள் ஒருத்தி மட்டும்தான்.

மகன் பிறந்த நாற்பதாம் நாள் பரணிலிருந்து குக்கரை இறக்கினேன். கேஸ்கட் காய்ந்து போயிருந்தது; புதிது வாங்கி வந்தது கணவர்தான். வாரத்தில் மூன்று நாள் சமையல் அவருடையது என்று பேசி முடிவெடுக்க ஒரு வருஷம் ஆனது. அதில் சண்டையும் உண்டு, ஒரு மாதம் பேசாமல் இருந்ததும் உண்டு. கம்பை இப்போது மில்லில் உடைத்து வாங்குகிறோம். கல்லூரி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு பயிற்சி மையத்தில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறேன். மகன் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அவனுக்கு அங்கேயே உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கிறது. "அம்மா கையால் சாப்பிடாத பிள்ளை" என்று ஒரு சொந்தக்காரர் வருத்தப்பட்டார். அதைச் சமைப்பதும் ஒரு பெண்தான், பல பேருக்கு அம்மாவாக இருக்கக்கூடிய பெண். ஆனால் அவருக்கு அது வேலை; அதற்குக் கூலி உண்டு, கூலி போதாவிட்டால் கேட்கவும் முடியும்.

போன மாதம் மகளின் பள்ளியில் பாரம்பரிய உணவுத் திருவிழா. "தாய்மார்கள் தயாரித்து அனுப்பவும்" என்று சீட்டு வந்தது. கம்பஞ்சோறு ஆக்கியது அவள் அப்பா. கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது. கூடவே ஒரு சார்ட்டும் எழுத வேண்டும். கம்பு வயலிலிருந்து தட்டுக்கு வரும் வழியை வரைந்தாள். ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த வேலையைச் செய்தவர் பெயரை எழுத வேண்டும் என்பது அவளுடைய யோசனை. ஸ்பீக்கரில் போட்டு என் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அமுச்சி, அந்தக் காலத்துல உங்க வீட்டுல கம்பு குத்துனது உங்கம்மாங்களா?"

"அவங்களுங் குத்துவாங்க சாமி. நெறையாக் குத்தோணும்னா பண்ணையத்துக்கு வந்த ரெண்டு பொம்பளைங்க குத்துவாங்க. வாசலோட குத்திட்டுப் போயிருவாங்க. உள்ள வர மாட்டாங்க."

"ஏன் வர மாட்டாங்க?"

அம்மா பதில் சொல்லவில்லை. பாரம்பரியம் என்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்த உரலை என்னைவிட நன்றாக அறிந்த கைகள் வேறு சாதிக் கைகள் என்பதை நானும் அதுவரை நினைத்ததில்லை. அவர்களுக்குக் கூலியாகக் கிடைத்தது தானியமா, தவிடா?

"சரி, அவங்க பேரு என்னங்க அமுச்சி?"

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

"'ஏ புள்ள'ன்னு கூப்புடுவோம். பேரு... நெனப்பு வரலியே சாமி. எங்கண்ணங்கிட்டக் கேட்டுச் சொல்றன்."

இரண்டு நாள் கழித்து அம்மாவே கூப்பிட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. அதற்குள் திருவிழா முடிந்திருந்தது. சார்ட்டில் அமுச்சியின் பெயரை எழுதி, அதன் கீழே இரண்டு கோடுகளைக் காலியாக விட்டிருந்தாள் மகள். ஆசிரியை, முடிக்காத வேலை என்று மதிப்பெண் குறைத்திருந்தார். அவள் அதைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். அதற்குக் கீழே நின்றுதான் இப்போது சமைக்கிறோம்.