ஒரகடத்தில் தாமரை

ஸ்ரீபெரும்புதூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல், இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன்.

உன் சிறுகதையைப் படித்தேன். "சூப்பர்டா" என்று வாட்ஸ்அப்பில் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் நீ பி.ஏ. தமிழ் படிக்கிறாய், கல்லூரி மலருக்கு அனுப்பப் போகிறேன் என்கிறாய், கதாநாயகியோ ஒரகடம் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அப்படிப்பட்ட எண்பது பெண்கள் தூங்குகிற ஹாஸ்டலுக்கு நான் வார்டன். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒரு இடம் அருமை. அம்மா போன் பண்ணும்போது "சாப்பிட்டேம்மா, சாம்பார், பொரியல்" என்று சொல்லிக்கொண்டே அவள் பிஸ்கட் பாக்கெட்டைச் சத்தம் வராமல் பிரிக்கிறாள் பார், அது. பசி, பாசம், வறுமை என்று ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. அதில் கை வைக்காதே.

இனி தாமரை. முதல் பத்தியிலேயே அவள் முகம் தாமரை ஆகிவிட்டது. அடுத்த பக்கத்தில் கண் கயல், அதற்கடுத்த பக்கத்தில் நடை அன்னம். டேய், அன்னநடை நடந்தால் கம்பெனி பஸ் போய்விடும். ஏ ஷிப்ட் பெண்கள் ஐந்து மணி பஸ்ஸுக்கு ஈரத்தலையோடு ஓடுகிறார்கள். பாத்ரூம் வாசலில் நாலு மணியிலிருந்தே பக்கெட் வரிசை. அவர்கள் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். சி ஷிப்ட் முடித்து வருகிறவளின் நெற்றியில் தொப்பி எலாஸ்டிக் அழுத்தின கோடு இருக்கும். மணிக்கட்டில் கையுறை முடிந்த இடத்தில் இன்னொரு கோடு. விரல் நுனி மட்டும் தண்ணீரில் ஊறினதுபோல வெளுத்திருக்கும். இதையெல்லாம் தாமரை மூடிவிட்டது.

தாமரையே கூடாது என்று சொல்லவில்லை. இந்த ஊர்க்காரர் ஒருவர் தாமரைக்காக வாத்தியாரோடு சண்டையே போட்டிருக்கிறார். ராமானுஜர்தான், 1017-இல் இங்கே பிறந்தவர் என்பது மரபு. காஞ்சிபுரத்தைத் தாண்டி பாலுசெட்டிசத்திரம் பக்கம் திருப்புட்குழி இருக்கிறதே, அங்கே யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த காலம். குருபரம்பரைக் கதைகளில் வருகிறது: சீடன் குருவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கிறான். இறைவனின் சிவந்த கண்ணைச் சொல்லும் உபநிடத வரிக்கு, குரங்கின் பின்புறம்போலச் சிவந்தது என்று குரு பொருள் சொல்கிறார். சீடனின் கண்ணீர் சூடாகக் குருவின் தொடையில் விழுகிறது. என்னடா என்றால், சூரியன் தொட்டு அப்போதுதான் விரிந்த தாமரைபோன்ற கண் என்றல்லவா அதற்குப் பொருள் என்கிறான். அங்கிருந்து தொடங்கிய மனக்கசப்பு குருவும் சீடனும் பிரிகிறவரை போகிறது.

யோசித்துப் பார். சிவப்பு என்ற அளவில் இரண்டு உவமையும் பொருந்துகிறது. வினை, பயன், மெய், உரு என்று உவமை பிறக்கும் நாலு வழியைத் தொல்காப்பியர் சொன்னது உனக்குப் பாடத்தில் இருக்குமே. உரு என்கிற கணக்கில் குரு ஜெயித்துவிடுவார். ஆனால் உவமையாக வருவது உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்றும் தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில்தான் குரு தோற்கிறார். எதைப்போல இருக்கிறது என்று சொல்லும்போதே அதை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ராமானுஜரின் தாமரைக்கு ஒரு கண்ணீர் விலை. உன் தாமரை இலவசமாக வந்தது, அதுதான் என் புகார்.

அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு உவமை எங்கிருந்து எடுப்பது? அதற்கும் பழைய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருள் வகுத்தார்களே, அதை நாம் ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்து தொலைத்துவிட்டோம். அது கதை எழுதுகிறவனுக்கான கையேடு. சொல்ல வந்ததை மறைத்துச் சொல்லும் உள்ளுறை உவமம் வேண்டுமென்றால் தெய்வத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற கருப்பொருளிலிருந்து எடு என்பது விதி. அகநானூறு 46-ஐ எடுத்துப் பார். அள்ளூர் நன்முல்லையார் பாட்டு. தொழுவத்துச் சேறு பிடிக்காத எருமை, ஊர் உறங்கும் நேரத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டுக் குளத்தில் இறங்கி, மீனெல்லாம் சிதற, வண்டு மொய்க்கும் தாமரையைத் தின்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரனே என்றுதான் தோழி தலைவனைக் கூப்பிடுகிறாள். வீட்டை விட்டுப் பரத்தையிடம் போனவனை இதைவிடக் கிழிக்க முடியுமா? அந்த விளியில் ஒரு திட்டுக்கூட இல்லை. எருமையும் வேலியும் குளமும் அந்த நிலத்தில் தினம் பார்க்கிற பொருள்கள். தாமரைகூட அங்கே சும்மா நிற்கவில்லை பார், மேயப்படுகிறது.

ஒரகடத்தின் கருப்பொருளை நீ எழுதிப்பார். உணவு, கேன்டீன் தட்டில் ஆறிப்போன லெமன் சாதம். பறை, ஷிப்ட் சைரன். மரம்? சிப்காட் ரோட்டு நடுவில் தூசி படிந்த அரளி. தொழிலை நீதான் வந்து பார்க்கவேண்டும். போன மாதம் எங்கள் ஹாஸ்டல் பெண் ஒருத்தியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் அவள் ஊருக்கு வந்து, கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிற பெண் வேண்டாம் என்று போய்விட்டார்கள். லீவு முடிந்து திரும்பி வந்தவளைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்துகொண்டு என்னடி ஆச்சு என்று கேட்டார்கள். அவள் பையைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ரீவொர்க்குக்கூட போடல, நேரா ஸ்கிராப்." எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நாள் முழுக்கப் பொருளைப் பார்த்து ஓ.கே., நாட் ஓ.கே. ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் அவள். அந்த வாயிலிருந்து வேறு எந்த உவமை வந்திருந்தாலும் பொய்யாக இருந்திருக்கும்.

முரண் பற்றி ஒன்று. ஆயிரக்கணக்கில் செல்போன் செய்கிற தொழிற்சாலையில் அவள் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான், நல்ல கண். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? "ஆஹா, என்ன விந்தையான உலகம் இது" என்று மூன்று வரி. வாசகனுக்குச் சிரிக்கவோ கோபப்படவோ நீ இடமே விடவில்லை. அந்த மூன்று வரியையும் அடி.

யார் சொல்கிறார்கள் என்பதில்தான் உன் கதை ரொம்ப அல்லாடுகிறது. ஒரு பக்கத்தில் அவள் மனசுக்குள் இருக்கிறாய், அடுத்த பத்தியில் சூப்பர்வைசர் மனசுக்குள், பிறகு மேலே ஏறி நின்று முதலாளித்துவத்தைப் பற்றிப் பேசுகிறாய். ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையைப் படித்திருப்பாய், இன்னொரு முறை படி. பிள்ளைகளுக்குப் புத்தகமும் டைரியும் கொடுத்து எல்லோருக்கும் பிரியமானவராக இருக்கிற ஒருவர்தான் கதை சொல்கிறார். சாரங்கன் என்ற பையனைத் தான் கவனிக்கவே இல்லை என்பது அவருக்கே தெரியாது. கடைசியில் அந்தப் பையன் தானே ஒரு டைரியை எடுத்து வந்து, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்லும்போது அவரோடு சேர்ந்து நாமும் விழிக்கிறோம். இதையே சாரங்கன் பக்கமிருந்து சொல்லியிருந்தால் ஏங்குகிற பிள்ளையின் கதை என்று 'உச்' கொட்டிவிட்டுப் போயிருப்போம். ஏக்கத்தை, அது தெரியாதவர் வாயால் சொன்னதுதான் அழகிரிசாமியின் சாமர்த்தியம். உன் கதையை அந்த சூப்பர்வைசர் சொன்னால் எப்படி இருக்கும்? கெட்டவனாக இல்லாத, தான் நல்லவன் என்று நம்புகிற ஒரு சூப்பர்வைசர். யோசி.

எங்கே தொடங்குவது என்பது அடுத்தது. நீ அவள் பிறப்பிலிருந்து தொடங்கி, பள்ளிக்கூடம், அப்பா சாவு, ஐ.டி.ஐ. எல்லாம் கடந்து, நாலாம் பக்கத்தில்தான் ஒரகடம் வருகிறாய். 2021 டிசம்பரில் இங்கே நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஒரு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலர் செத்துப்போனார்கள் என்று வதந்தி பரவ, கூட வேலை பார்த்தவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரியில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பெண்களை ரோட்டுக்குக் கொண்டுவந்தது பக்கத்துப் படுக்கைக்காரி எங்கே என்று தெரியாததுதான். கதைக்கும் அதுதான் விசை. பக்கத்துக் கட்டில் காலி, போன் ஸ்விட்ச் ஆஃப், வார்டன் மழுப்புகிறாள் என்று தொடங்கினால் எவன் கீழே வைப்பான்? பள்ளிக்கூடமும் அப்பாவும் தேவைப்படும்போது ஒரு வரியில் வந்துவிட்டுப் போகட்டும். (வார்டன் மழுப்புவாள் என்று எழுதியதற்காக என்னைச் சந்தேகப்படாதே.)

ஆனால் நடக்கப்போவதை வாசகனுக்குத் தெரியாமல் வைப்பதுதான் ஒரே வழி என்றும் நினைத்துக்கொள்ளாதே. சிலப்பதிகாரத்தில் பதிகத்திலேயே முழுக்கதையும் சொல்லியாகிவிட்டது. கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தேவந்தியிடம் தன் கெட்ட கனவைச் சொல்கிறாள்: பெரிய ஊர், கோவலன்மேல் வீண்பழி, அரசனிடம் தான் முறையிட்டது, ஊருக்கு வந்த கேடு. சொல்லி முடித்த சற்று நேரத்தில் கோவலன் வீட்டுக்கு வருகிறான். அவளே சிலம்பு இருக்கிறது என்கிறாள். நமக்கு எல்லாம் தெரியும், அதனால்தான் கொடுக்காதே தாயே என்று பதறுகிறது. உன் கதையில் கடைசிப் பக்கத்தில் திடீரென்று மெஷின் அவள் விரலை எடுத்துவிடுகிறது. திடீரென்று வருவது செய்தித்தாளில் நடக்கும், கதையில் எடுபடாது. பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த பெண் ஒருத்தி எனக்குச் சொன்னது இது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கவேண்டும்; கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். டார்கெட் ஏறும்போது ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி அழுத்தியே வைத்துவிடுவார்களாம், ஒரு கை மிச்சமாகும் என்று. அந்த டேப்பை நீ இரண்டாம் பக்கத்தில் காட்டிவிடு. அது என்ன என்று விளக்காதே. புதிதாக வந்தவள் அதன் நிறம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கட்டும். பிறகு ஒவ்வொரு முறை அவள் கை உள்ளே போகும்போதும் படிக்கிறவன் வயிறு கலங்கும்.

பேச்சு. உன் கதையில் எல்லோரும் நம் செய்யாற்றுத் தமிழ் பேசுகிறார்கள், தென்காசிப் பெண்ணும் "இன்னா" என்கிறாள். எங்கள் இரண்டாம் மாடியில் தென்காசிப் பிள்ளை "ஏட்டி" என்று கூப்பிட, ஒடிசாப் பெண் திரும்பிப் பார்த்து "என்னட்டி" என்கிறாள். அவள் கற்றுக்கொண்ட முதல் தமிழ் அதுதான். கேட்டு எழுத வேண்டியதை யோசித்து எழுதாதே.

மெழுகுவர்த்திக் குறியீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், எடுத்துவிடு. இங்கே கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும்.

அடுத்த சனிக்கிழமை உனக்கு வகுப்பு இல்லைதானே? காஞ்சிபுரம் வந்து அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறு. ஹாஸ்டலுக்குள் ஆண்களை விடமாட்டோம், நீ என் தம்பியாகவே இருந்தாலும் சரி. ஆனால் சுங்குவார்சத்திரம் ஜங்ஷன் டீக்கடையில் சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு உட்கார்ந்திருக்கலாம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் பேசுவது காதில் விழும். யாரையும் உறுத்துப் பார்க்காதே, போட்டோ எடுக்காதே. அதற்குப் பிறகு கதையைத் திருப்பி எழுது. கல்லூரி மலருக்கு இந்தப் பிரதியை அனுப்பாதே, ஆசிரியரிடம் இன்னும் பதினைந்து நாள் கேள்.

வரும்போது அம்மாவிடம் சொல்லி எள்ளு உருண்டை வாங்கி வா. எண்பது பேருக்கு வேண்டாம், எனக்கு மட்டும்.

அன்புடன்,
உன் அக்கா