வெட்டுவதற்கு முன்

கோப்பாய் ஊடாகச் செல்லும் பருத்தித்துறை வீதியில் மொறிஸ் மைனர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். 1948இல் வெளிவந்த அக்காரின் முன்மாதிரியை, வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் நெடுக்காக இரண்டாய் வெட்டி, 4 அங்குலம் அகலமாக்கினார். தோற்றம் திருந்தியது, வளைவுகளில் நிலைப்பும் கூடியது.

என் மருமகனும் வெட்டத்தான் நிற்கிறான். பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகத் தன் காரின் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தப் போகிறானாம். வெட்டிய ஸ்பிரிங் விறைக்கும். பழைய ஷொக் அப்சோபர் அதை அடக்காது. பள்ளத்தில் ரயர் நிலத்தைவிட்டு எழும். முதலில் நல்ல ரயரும் பிரேக்கும் போடு என்றேன்.

ஓட்டிப் பார்ப்பதற்கு, களுத்துறைப் பக்கம் பந்தயங்கள் நடந்த கட்டுகுருந்த விமான ஓடுபாதை போன்ற இடம் வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வரும் எங்கள் வீதி அதற்கானதன்று. விபத்துச் செய்திகளை எழுதி எழுதிக் களைத்தவன் சொல்கிறேன்.