போத்தலும் மூடியும்

கைத்தொழில் என்றதும் புகைபோக்கியும் பேரியந்திரமுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. அடுப்படியில் நிகழும் உற்பத்தியைக் கணக்கிற் கொள்வார் அரியர். ஆயினும் ஒரு கருவியைத் தெரிவுசெய்யும் வேளையில் மூலதனம், உழைப்பு, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே எடைபோட வேண்டிய நிலை ஆலை முதலாளிக்கு மட்டும் உரியதன்று.

கண்டிக்குக் கிழக்கே, கைத்தொழிற்பேட்டையால் அறியப்பட்ட பல்லேகலவின் அயலில், கணவனை இழந்த பெண்ணொருவர் தையல் வேலையால் குடும்பத்தை நடத்துகின்றார். நத்தார்க் காலத்தில் இஞ்சிப் பியர் செய்து அயலவருக்கு விற்பதும் அவர் வழக்கம். பெயரிற் பியர் இருப்பினும் அது இஞ்சி, சீனி, தேசிக்காய், சிறிதளவு ஈஸ்ற் ஆகியன சேர்ந்த பானமே. ஓரிரு நாளில் நுரை பிடித்ததும் அது குளிரூட்டிக்குட் சென்றுவிடும். உண்மையான பியரை அனுமதிப்பத்திரமின்றி உற்பத்தி செய்வதை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது.

இப்பானத்தின் உயிர் அதன் வாயுவில் உள்ளது. வாயுவின் காவல் மூடியில் உள்ளது. 1870களில் இங்கிலாந்தின் ஹைரம் கொட் கண்ணாடிக் குண்டொன்றைப் போத்தலின் கழுத்துக்குள் அடைத்து இதற்கு வழி கண்டார். தமிழகத்தின் கோலிசோடா அவர் வழி வந்ததே. 1892இல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்ரர் பல்விளிம்புத் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். அன்று 24 பற்கள் கொண்டிருந்த அம்மூடி இன்று 21 பற்களுடன் உலகெங்கும் வழங்குகின்றது. அப்பற்களைப் போத்தலின் உதட்டைச் சுற்றி ஒரே சீராக மடித்து இறுக்குவதே மூடி பொருத்தும் கருவியின் பணி.

அக்கருவியில் மூன்று வகை உண்டு. முதலாவது, மூடிமேல் வைத்துச் சுத்தியலால் அடிக்கும் கிண்ணம். விலை குறைவு, ஆனால் அடியின் அளவு கையின் அன்றைய நிலையைப் பொறுத்தது. இரண்டாவது, இரு கைபிடிகளைக் கொண்டது. அது கழுத்தின் வளையத்தைக் கவ்விக்கொண்டு மூடியைக் கீழே அழுத்தும். ஒரே வகைப் போத்தல்களுக்கு இது நன்று. வளையம் வேறுபட்டால் பிடி நழுவும். மூன்றாவது, பீடமும் தூணும் ஒற்றை நெம்புகோலும் உடைய மேசைக் கருவி. போத்தலின் உயரத்துக்கேற்ப அதனை மாற்றியமைக்கலாம். விசை நேர்கீழாகப் பீடத்தின்மேல் இறங்குவதால் கழுத்துக்கு ஆபத்துக் குறைவு. விலையோ மூன்றிலும் அதிகம்.

அப்பெண்ணிடம் இருந்தது முதலாவது வகை. முன்னைய நத்தாரில் ஒரு போத்தலின் கழுத்து உடைந்து அவருடைய உள்ளங்கையைக் கிழித்தது. ஊசி பிடிக்கும் கை அது; இரு வாரம் தையல் இல்லை, வருமானமும் இல்லை. உயர்தர வகுப்பிற் கற்கும் மகளின் தனியார் வகுப்புக் கட்டணத்துக்கெனச் சேர்ந்திருந்த சீட்டுப் பணத்தைக் கொண்டு மேசைக் கருவி வாங்கலாம் என்று சொன்னவள் அந்த மகளே.

“சுத்தியல் போதும், பிள்ளை. மெதுவாக அடித்தாற் சரி” என்றார் தாய்.

“மெதுவாக அடித்தால் மூடி இறுகாது, ஓங்கி அடித்தாற் கழுத்து உடையும், அம்மா. கை போனால் வகுப்புக் காசை யார் தருவது?” என்றாள் மகள்.

பழைய போத்தல் வாங்குவோரிடம் பெற்ற பல வகைப் போத்தல்களுக்கு இரண்டாவது கருவி பொருந்தாது. ஆகவே மேசைக் கருவியே வந்தது. திருகுமூடிக்கான புரி கொண்டவையும் கழுத்திற் கீறல் உடையவையும் விலக்கப்பட்டன.

எனினும் நல்ல மூடி ஆபத்தையும் உள்ளே அடைத்துவிடும். ஒரு லீற்றரிற் புளிக்கும் ஒவ்வொரு 4 கிராம் சீனியும் ஏறத்தாழ ஒரு லீற்றர் கரியமில வாயுவைத் தரும். சாதாரணப் பியரில் அது இரண்டரை லீற்றர் அளவே. லீற்றருக்கு 100 கிராம் சீனி இட்ட இஞ்சிப் பியர் முற்றாகப் புளிப்பின் 25 லீற்றர் வாயு பிறக்கும். அதனைத் தாங்கும் கண்ணாடிப் போத்தல் இல்லை. குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்லும் நாட்கணக்கும் கண்டியின் வெப்பத்துக்கு ஒவ்வாது. இதனால் மகள் ஒவ்வொரு தடவையும் ஒரு பிளாஸ்ரிக் போத்தலையும் உடன் நிரப்பி வைத்தாள். விரலால் அழுத்தும்போது அது கல்போல் இறுகியதும் எல்லாம் குளிரூட்டிக்கு மாறின.

அந்த ஆண்டு வகுப்புக் கட்டணம் ஒரு மாதம் தாமதமாகவே செலுத்தப்பட்டது. இலாபத்தையும் செலவையும் காசாக எழுதிப் பார்ப்போருக்கு இது நட்டமாகத் தோன்றலாம். உழைப்பவரின் கையையும் முதலீடாக எண்ணிக் கணக்கிடும் பொருளியலே அடுப்படிக்கும் ஆலைக்கும் பொருந்தும்.