வாப்பாவின் கடை வாங்கு



நேற்றுப் பின்னேரம் ஸ்கூல் விட்டு வரும்போது செட்டிகுளம் கடைத்தெருவில், வாப்பாவின் கடை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டினேன். வாசலில் கிடந்த நீட்டு வாங்கை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். (பள்ளியில் சொல்லும் வாங்கு இல்லை, குந்துகிற வாங்கு. இதைச் சொல்லிச் சொல்லியே வாப்பா சிரிப்பார்.)

என் சின்ன வயதில் தலைமன்னார் ரயில் வந்தால்தான் கடைத்தெருவுக்கு உயிர் வரும். ஆவணியில் மடுத்திருவிழாவுக்குப் போகிற சனம் வேறு. 1990இல் ரயில் நின்றது. அந்த வருடம் ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்களும் வெளியேற்றப்பட்டார்கள். வாப்பாவுக்குச் சரக்குப் போட்டவர்கள், கடன் வைத்தவர்கள் எல்லாரும் புத்தளம் பக்கம் அகதியானார்கள்.

பிறகு 2009. மெனிக் பாம் முகாமில் 2 லட்சத்துக்கும் மேல் சனம். கதிர்காமர், இராமநாதன், அருணாசலம் என்று பெயர் வைத்த முள்வேலிகள். உறவுகளைப் பார்க்க வந்தவர்கள் பால்மா, சவர்க்காரம், பிஸ்கட் என்று எங்கள் கடைகளில்தான் வாங்கினார்கள். சொல்ல வெட்கம், கடைத்தெரு நல்லா உழைத்த காலம் அது. "எல்லாரும் விலை கூட்டுறாங்க, நாங்களும் கூட்டுவோம் வாப்பா" என்றேன். "அதுகள் வீட்ட போயிடும் மகன், நாங்க இஞ்சதான் இருக்கணும்" என்றார். ஆனாலும் கூட்டினோம், கொஞ்சம்.

2012 செப்டெம்பரில் முகாம் மூடியது. 2013இல் ரயில் திரும்பி வந்தது, கடைத்தெரு வரவில்லை. பஸ் ஏறினால் வவுனியா. பெருநாள் உடுப்பு, கொப்பி, பேனை, இப்ப மரக்கறிகூட அங்கேதான். யாரைக் குறை சொல்ல? மாதம் சம்பளம் விழுந்ததும் முதலில் வவுனியாவுக்கு ஓடுகிற ஆள் நான்தான்.

சாமான் எங்கேயும் வாங்கலாம். அந்த வாங்கில் இருந்த கதைதான் எனக்குக் கவலை. எங்கள் பிள்ளைகளுக்கு முஸ்லிம் பாடசாலை, அவர்களுக்குத் தமிழ்ப் பாடசாலை. நோன்பு விடுமுறைகூட எங்களுக்குத் தனி. இரண்டு பக்கத்து வாப்பாமாரும் அப்பாமாரும் ஒரே பிளேன்ரீயோடு குந்தி குளத்துத் தண்ணி, நெல்லு விலை, வயலுக்குள் இறங்கின மாடு என்று சண்டை பிடித்து, பிறகு ஒன்றாகவே எழும்பிப் போன இடம் அதுதான்.

நான் நிற்பதைக் கண்டு, வாப்பாவிடம் கடனுக்கு வாங்கிய ஐயா ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"நானாவும் இல்லை, வாங்கும் இல்லை. எங்க தம்பி குந்துறது?"

மோட்டார் சைக்கிள் சீற்றைத் தட்டிக் காட்டினேன். அதில் சாய்ந்தபடி மஃரிபுக்கு வாங்கு சொல்லும் மட்டும் கதைத்தோம். அவருடைய பேரன் இந்த முறை ஓஎல் எழுதுகிறானாம், கணக்கு ஓடுதில்லையாம். நான் படிப்பிப்பதும் கணக்குத்தான். அவன் பெயரே எனக்கு நேற்றுத்தான் தெரியும்.