'நோ'ன்னா ஆமாம்!

வடக்கனந்தலில் இருந்து செக் நாட்டுக்கு நேர் பஸ் கிடையாது. கள்ளக்குறிச்சி போய், சென்னை போய், ஃப்ளைட் பிடித்து, நடுவில் எங்கேயோ இன்னொரு ஃப்ளைட் மாறி... பெரிய சுத்து. ஆனால் தமிழில் இருந்து செக் மொழிக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. எங்க அண்ணன் அந்த வழியாகத்தான் போனான். பயந்துடாதீங்க, இலக்கண கிளாஸ் எல்லாம் எடுக்கப் போறதில்ல. கொஞ்சூண்டு வரும், பொறுத்துக்குங்க.

அண்ணன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். தமிழ் மீடியம். கை வேலையில் கில்லாடி, இங்கிலீஷ் என்றால் மட்டும் காய்ச்சல் வந்துவிடும். செக் நாட்டில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ஏஜென்ட் மூலம் சேதி வந்தது. அம்மாவின் ஆரம் அடகுக் கடைக்குப் போனது. பணம் கட்டியதும் ஏஜென்ட் கையில் கொடுத்தது பன்னிரண்டு பக்க ஜெராக்ஸ். இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் அதுக்கு செக். தண்ணி, சம்பளம், லீவு, டாய்லெட், வலிக்குது, புரியலை என்று அன்றாடம் புழங்கும் முந்நூறு வார்த்தைகள். "மனப்பாடம் பண்ணிட்டு வா. ஒரு சின்ன டெஸ்ட். தேறலைன்னா அடுத்த பேட்ச்ல பார்க்கலாம்." அடுத்த பேட்ச் எப்போ? அது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். வட்டி மட்டும் மாசா மாசம் கரெக்டா வரும்.

அண்ணனுக்குப் பிரச்னை வலது பக்கம் இல்லை. இடது பக்கம்! செக் படிப்பதற்கு முன்னாடி இங்கிலீஷ் படிக்கணுமே. ரெண்டு நாள் பேப்பரை வைத்துக்கொண்டு முழித்தவன், மூணாம் நாள், "பாப்பா, இது நமக்கு ஆவாது. ஆரத்தை மீட்டுடலாம்"னு சொல்லிட்டான். நான் பி.ஏ. இங்கிலீஷ் ரெண்டாம் வருஷம். வீட்டிலேயே இங்கிலீஷ்காரி நான்தான் என்பதால் அம்மா என்னைப் பார்த்தாள்.

முதல் பக்கத்திலேயே 'யூ' என்று இருந்தது. எதிரே 'தி' என்று ஒரே ஒரு எழுத்து. போனில் தேடினால், 'யூ'வுக்கு செக்கில் ரெண்டு வார்த்தை. ஒன்று 'தி', இன்னொன்று 'வி'. வீட்டு ஆள், ஃப்ரெண்டு, குழந்தை என்றால் 'தி'. தெரியாதவர், மேலதிகாரி, கடைக்காரர் என்றால் 'வி'. இதை எங்க கிளாஸ்மேட்டுக்கு இங்கிலீஷில் விளக்க ஒரு பீரியட் ஆகும். அண்ணனிடம், "தின்னா நீ, வின்னா நீங்க" என்றேன். அவ்வளவுதான். மூணு செகண்ட்!

"அடிப்பாவி, அப்ப இந்த பேப்பர்படி மேனேஜரைப் போய் நான் 'நீ'ன்னு கூப்பிட்டிருப்பேனா?" என்றான். அதாவது அந்த ஜெராக்ஸ் போட்ட மகராசன் 'யூ' என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்தியாகிவிட்டார். இங்கிலீஷில் இல்லாத மரியாதை அந்தப் பேப்பரிலும் இல்லை. தமிழில் இருந்தது. செக்கிலும் இருந்தது.

சின்ன வித்தியாசங்களும் உண்டு. கடையில் நிற்கிற பொண்ணு நம்மைவிடச் சின்னவளாக இருந்தாலும் 'வி'தான் போடணும். அப்பா, அம்மாவுக்கு 'தி'தான். எங்க வீட்டில் அம்மா 'நீ', அப்பா 'நீங்க'. அங்கே ரெண்டு பேரும் 'நீ'. கொஞ்ச நாள் பழகியதும், "இனிமே நாம 'தி' போட்டுப் பேசிக்கலாமா?" என்று வயசில் பெரியவரோ, பொண்ணோ, பதவியில் மேலே உள்ளவரோ கேட்பதுதான் அங்கே முறையாம். நம்ம காலேஜில் 'வாங்க போங்க' எப்போ 'வாடா போடா' ஆகுதுன்னு யாருக்குமே தெரியறதில்லை. அங்கே அதுக்கும் ஒரு சம்பிரதாயம்!

அன்று ராத்திரியே இடது பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு (நிஜமாகவே கத்தரிக்கோலால்) ஒரு நூறு பக்க நோட்டில் தமிழ் - செக் என்று எழுத ஆரம்பித்தோம். எழுத எழுதத்தான் சுவாரசியம் கூடியது. இங்கிலீஷில் 'பை பஸ்' ரெண்டு வார்த்தை. தமிழில் 'பஸ்ஸில்', ஒரே வார்த்தை, வாலில் உருபு. செக்கிலும் பஸ் என்பது 'அவ்தொபுஸ்', பஸ்ஸில் என்பது 'அவ்தொபுஸெம்'. அதே வால்! நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு ஏழு. விளி வேற்றுமைகூட இருக்கிறது. 'மகன்' கூப்பிடும்போது 'மகனே' ஆவது மாதிரி, 'யானா' என்ற பொண்ணைக் கூப்பிட்டால் 'யானோ'. எட்டாம் வகுப்பில் தமிழய்யாவிடம் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று அடி வாங்கிக் கற்றது இப்படி ஒரு இடத்தில் உதவும் என்று யார் கண்டது?

எல்லாமே இப்படி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகவில்லை. 'போறேன்' என்ற சாதாரண வார்த்தை எங்களை அரை நாள் உட்கார வைத்தது. நடந்து போனால் 'ய்து', வண்டியில் போனால் 'யெது'. "கோமுகி அணைக்குப் போறேன்" என்று சும்மா சொல்ல முடியாது. நடந்தா, பைக்கிலா என்று வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். காசு எண்ணுவது இன்னும் கொடுமை. ஒரு 'கொருனா', ரெண்டு 'கொருனி', அஞ்சு 'கொருன்'. ஏன் அஞ்சில் இருந்து மாறுது என்று கேட்டால் பதில் பெரிய கதை. அப்புறம் உயிரெழுத்தே இல்லாத வார்த்தைகள். விரலுக்கு 'ப்ர்ஸ்த்', கழுத்துக்கு 'க்ர்க்'. அண்ணன் 'க்ர்க்' சொல்லிப் பழகியதைக் கேட்டு ஆயா ஓடிவந்து தண்ணி கொடுத்தது. நமக்கு 'ழ' மாதிரி அவர்களுக்கு ஒரு 'ர' இருக்கிறது, ரவும் ஷவும் ஒரே நேரத்தில் நாக்கில் உருளணும். வெளியூர்க்காரர்களுக்கு லேசில் வராது.

சில வார்த்தைகள் சொந்தக்காரன் மாதிரி வந்து நின்றன. தொழிற்சாலையில் ஃபோர்மேனை அங்கே 'மிஸ்த்ர்' என்பார்கள். அண்ணன் பார்த்தவுடனே, "மேஸ்திரிடி இது!" என்றான். சும்மா சொன்னான் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் நிஜம். நம்ம மேஸ்திரி போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தவர். ரெண்டு பேருக்கும் பூர்வீகம் 'மாகிஸ்தெர்' என்ற ஒரே லத்தீன் சொல். லத்தீன் பாட்டியின் ஒரு பேரன் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டான், இன்னொருத்தன் கப்பலேறி வந்து நம்ம ஊரில் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஆள் பிடித்துக்கொண்டு இருக்கிறான்.

'ரோபோ' என்ற வார்த்தையை நாம் இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறோம் இல்லையா? அது செக்! கரேல் சாப்பெக் என்ற எழுத்தாளர் 1920-ல் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில் இருந்து உலகம் முழுக்கப் போனது. வார்த்தையை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். (எங்க வீட்டில் மட்டும் இல்லை, பாருங்க!) 'ரொபொதா' என்றால் பண்ணையாருக்குக் கூலி இல்லாமல் செய்து தீர வேண்டிய வேலை. தமிழில் எப்படி எழுதுவது என்று நான் யோசிக்க, ஆயா திண்ணையில் இருந்தே, "அது வெட்டி வேலைடி" என்றது. இன்னைக்கு நாம் 'வெட்டியா இருக்கேன்' என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். ஆயாவுக்கு அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் தெரியும். எங்க ஊருக்கு மேலே இருக்கிற கல்வராயன் மலையில் 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் ஆட்சி நடந்தது. அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தது எங்க ஆயா. 'எந்திரன்' படத்தை நாலு தடவை பார்த்த எனக்கு ரோபோவுக்கு அர்த்தம் சொன்னது ஆயாதான்.

கம்ப்யூட்டருக்கு அவர்கள் சொல்வது 'பொச்சீதாச்'. எண்ணுவது, கணக்கிடுவது என்ற வினையில் இருந்து வந்தது. நம்ம 'கணினி' மாதிரியேதான். வித்தியாசம் என்னன்னா, அங்கே கடை போர்டில், பேச்சில் எல்லாம் அதுதான். இங்கே நான் கேன்டீனில் 'கணினி' என்று சொன்னால், "தமிழம்மா வந்துட்டாங்க"ன்னு கலாய்க்கிறாங்க. அதுக்காக அவர்களும் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு அலையவில்லை. பஸ், டாக்ஸி, ஹோட்டல் எல்லாம் லேசான செக் உச்சரிப்போடு அப்படியே இருக்கிறது. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாங்கள் என்னமோ புதுசாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்த இந்த வழியில், எதிர்த் திசையில் இருந்து ஒருத்தர் எப்பவோ வந்துவிட்டார். கமில் சுவெலபில். பிராக் நகரில் 1927-ல் பிறந்தவர். அங்கே சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், தமிழில் இருந்து செக்குக்கு மொழிபெயர்த்தவர். 1968-ல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. முருகனின் புன்னகை என்று பெயர் வைத்து 1973-ல் தமிழ் இலக்கியம் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் போட்டார். 2009-ல் காலமானார். நம்ம 'நீ'யையும் 'நீங்க'ளையும் செக்கில் எழுதும்போது அவருக்குத் தயாராக ரெண்டு வார்த்தை இருந்திருக்கும். இங்கிலீஷில் எழுதும்போது ரெண்டையும் ஒரே 'யூ'வில்தான் திணித்திருக்கணும்.

'ப்ளீஸ்' பற்றிச் சொல்லியே ஆகணும். செக்கில் 'ப்ரொசீம்'. கெஞ்சினாலும் ப்ரொசீம், சாப்பாடு எடுத்து நீட்டினாலும் ப்ரொசீம், நன்றி சொன்னால் பதிலுக்கும் ப்ரொசீம், காதில் விழவில்லை என்றாலும் ப்ரொசீமா என்று இழுப்பு. தமிழில் என்ன எழுதுவது? 'தயவுசெய்து' என்று போட்டேன். அண்ணன் அடித்துவிட்டான். "அது போர்டுல எழுதுறது. காலணிகளை வெளியே விடவும்னு. நம்ம வாயில எப்ப வந்திருக்கு?" யோசித்துப் பார்த்தால் நாம் சொல்வது 'கொஞ்சம்'. "கொஞ்சம் தள்ளுங்க", "கொஞ்சம் அந்த சொம்பை எடு". நோட்டில் 'கொஞ்சம் = ப்ரொசீம்' என்றுதான் இன்னமும் இருக்கிறது. எந்த அகராதியும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் சரி.

டெஸ்டில் அண்ணன் பாஸ். இப்போ அங்கே ரெண்டாவது வருஷம். ஆரம் வீட்டுக்கு வந்துவிட்டது. நோட்டு மட்டும் வீட்டில் தங்குவதே இல்லை, கச்சிராயபாளையம் ஜெராக்ஸ் கடையில் எத்தனை காப்பி போட்டிருப்பார்கள் என்றே தெரியவில்லை.

போன மாசம் ஒரு சிக்கல். அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும், அண்ணன் வந்தே ஆகணும். லீவு கேட்கப் போனான். மாமாவுக்கு செக்கில் 'ஸ்த்ரீத்ஸ்'. இங்கிலீஷ் 'அங்கிள்' மாதிரியே பொத்தாம் பொதுவான வார்த்தை. "நான் ஸ்த்ரீத்ஸ், அதனால போகணும்" என்றால் மேஸ்திரிக்கு எதுவும் விளங்கவில்லை. ஒரு அங்கிள் வராவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? அப்போது பக்கத்து மெஷினில் இருந்த வயசான அம்மா, அம்மாவின் தம்பிக்கென்றே முன்னெல்லாம் 'உயெத்ஸ்' என்று தனிச்சொல் இருந்தது, இப்போ யாரும் சொல்வதில்லை என்று எடுத்துக்கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு, மடி, காது, குழந்தை என்று தெரிந்த வார்த்தையெல்லாம் கொட்டியிருக்கிறான்.

மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டே, "நொ, நொ, நொ..." என்றாராம்.

அண்ணன் முகம் தொங்கிப்போய், ராத்திரி எனக்கு போன். "கிடையாதுன்னுட்டாரு பாப்பா. மூணு தடவை நோ சொல்லிட்டாரு. மாமன் மடிக்கு வேற யாரையாச்சும் பாருங்க." அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் நோட்டைத் தேடினேன். வழக்கம்போல ஜெராக்ஸ் கடையில். போனில் பார்த்தேன். 'இல்லை'க்கு செக்கில் 'நெ'. 'ஆமாம்'க்கு 'அனொ'. பேச்சுவழக்கில் அந்த 'அனொ' சுருங்கி...

"அண்ணே, அவரு இங்கிலீஷ்ல பேசினாரா, செக்ல பேசினாரா?"

"செக்லதான். ஏன்?"

"அப்ப டிக்கெட்டைப் போடு."