உடைக்க முடியாத சுவர்

தாராவியில் வீட்டை இடித்துக் கட்ட வேண்டுமென்று மேஸ்திரியைக் கூப்பிட்டால், டேப்பை எடுப்பதற்கு முன் அவர் ஒன்று கேட்பார்: "வீட்டுல என்ன தொழில் நடக்கு?" முறுக்குச் சுடும் வீடென்றால் புகை மேலேறிப் போக வழி விட வேண்டும். தோல்பை தைக்கும் வீடென்றால் ரெக்சின் சுருளை நிறுத்தி வைக்க ஒரு மூலையும், வெட்டுமேசைக்கு வெளிச்சமும் வேண்டும். மேல்தளத்தில் தையல் மெஷின் ஓடப் போகிறதென்றால் கர்டர்களை நெருக்கிப் போட வேண்டும். இல்லையென்றால் கீழே இருப்பவர் தலைக்கு மேல் ராத்திரி முழுக்கத் தரை அதிரும். மேலே வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால் ஏணி வீட்டுக்கு வெளியே போகும். இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் நீள அகலம்.

இந்த வேலையை அருகிலிருந்து பார்க்கத்தான் மே மாதத்தில் மாஹிம் போயிருந்தேன். மழைக்கு முந்தைய அந்த மாதத்தில்தான் மேஸ்திரிகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மாஹிம் நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கினால் மக்தூம் அலி மாஹிமி தர்கா, புனித மைக்கேல் தேவாலயம், அல்வாக் கடைகள் என்று பழைய மாஹிம். கிழக்கே இறங்கினால் தாராவி. ஒருபுறம் மேற்கு ரயில்வே, மறுபுறம் மத்திய ரயில்வே, வடக்கே மித்தி நதி. நடுவில் இருந்தது சதுப்பு; அதன் கரையில் கோலி மீனவர்களின் கிராமம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் தொழில் இங்கே வந்தது. அதோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் வந்தார்கள், பின்னால் நாடார்களும் வந்தார்கள். ஊர் கழித்துப் போட்ட நிலத்தில், குப்பையையும் இடிபாட்டையும் கொட்டி மேடாக்கித் தங்களுக்கான தரையை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

நான் கூடவே அலைந்த மேஸ்திரிக்கு அறுபது தாண்டிவிட்டது. நெல்லைக்காரர், அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். அப்பா தோல் தொட்டியில் வேலை பார்த்தவர். மகனுக்கு அந்த வாடை வேண்டாமென்று மாமாவோடு கட்டட வேலைக்கு அனுப்பிவிட்டார். மணல் சுமந்து, கலவை கலந்து, கரணை பிடித்து, பிறகு சொந்தமாக வேலை எடுத்தவர். சுற்றியுள்ள சந்துகளில் அவர் கை படாத வீடு குறைவு. நடந்து போகும்போது சுவர்களைக் காட்டிக்கொண்டே வந்தார். "இது தகரமா இருந்து செங்கலானது. இது எங்கப்பா காலத்துச் சாக்குப்படுதா."

சாக்குப்படுதா செங்கலான கதையில் சட்டத்துக்கும் பங்குண்டு. எப்போது இடிப்பார்களோ என்றிருந்த காலத்தில் யாரும் செங்கலில் காசைப் போடவில்லை. 1976இல் மும்பைக் குடிசைகளைக் கணக்கெடுத்து, வீட்டுக்காரரின் படம் ஒட்டிய போட்டோபாஸ் கொடுத்த பிறகுதான் ஜனங்களுக்குத் தைரியம் வந்தது. தகரம் போய் நாலு அங்குலச் சுவர் வந்தது. குழாயும் மின்சாரமும் வர வர, கீழ்வீட்டுக்கு மேல் ஒரு வீடு முளைத்தது. பத்திரமில்லாத நிலத்தில் அந்தப் போட்டோபாஸே பத்திரமாயிற்று.

வேலை நடந்த இடம் பத்துக்குப் பதினைந்து அடி. முறுக்குச் சுட்டு விற்கும் ஓர் அக்காவின் வீடு. மூத்த மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மேலே பழைய தகர அறையை எடுத்துவிட்டு ஒழுங்காக ஒன்று கட்ட வேண்டும். காலையில் நாக்காவில், அதாவது சாலைச் சந்திப்பில், கூலிக்கு நிற்பவர்களிடமிருந்து அண்ணாச்சி ஆள் பொறுக்கினார். ஒரு காலத்தில் அங்கே தமிழ்தான் கேட்கும் என்றார். இப்போது கடியா, அதாவது கொத்தனார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். கூடமாட வேலை செய்யும் பேகாரிகள் பீகார்ப் பையன்கள். நெல்லைக்காரப் பிள்ளைகள் படித்து ஐரோலியிலும் அந்தேரியிலும் ஆபீஸ் போகிறார்கள். அண்ணாச்சி இந்தியில் ஏவுகிறார், தமிழில் திட்டுகிறார். இரண்டும் எல்லோருக்கும் புரிகிறது.

மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாம் ராத்திரி 90 அடி சாலையில் வந்து இறங்கும். அங்கிருந்து சந்துக்குள் தலைச்சுமைதான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. கர்டரை உள்ளே கொண்டுவருவது தனி வித்தை. எந்தத் திருப்பத்தில் எவ்வளவு நீளம் திரும்பும் என்று அண்ணாச்சிக்கு மனப்பாடம். கர்டரின் நீளத்தைச் சந்துதான் தீர்மானிக்கிறது. கர்டரின் நீளம் அறையைத் தீர்மானிக்கிறது.

அடுத்த வீட்டுச் சுவரும் இந்த வீட்டுச் சுவரும் ஒன்றே. அதனால் முதல் நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை: உங்கள் பக்கம் எவ்வளவு இடிபடும், எத்தனை நாளில் அடைத்துத் தருவோம், குழாய் வரும் நேரத்தில் வழியை மறிக்க மாட்டோம். பக்கத்து வீட்டு அத்தை ஒப்புக்கொண்ட பிறகே சம்மட்டி விழுந்தது. சுவரைத் திறந்து கர்டர் முனையை உள்ளே உட்கார வைத்தார்கள். கர்டருக்குக் கர்டர் கல் பலகையைப் பரப்பி, மேலே கான்கிரீட் போட்டுத் தளம் எழுப்பினார்கள். லாதிகோபா என்பார்கள். பெரிய சாரம் வேண்டாம், மிக்சர் மெஷின் வேண்டாம், தளம் இறுகும்வரை வாரக்கணக்கில் முட்டுக் கொடுக்கவும் வேண்டாம். வாடகைக்கு வேறு இடம் தேட முடியாத குடும்பம் கீழே சமைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே தளம் போட்டுவிடலாம். தாராவிக்கு ஏற்ற தொழில்நுட்பம் இது.

மட்டம் பார்க்க ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் ஆள் நின்றார்கள். உயரத்தில்தான் சூட்சுமம். குடிசைப் பகுதி வீடு 14 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது மாநகராட்சியின் கணக்கு. அதற்குள் இரண்டு தளம் வேண்டும், நிமிர்ந்து நிற்கவும் வேண்டும். விதியைத் தாண்டி மூன்று நான்கு தளம் எழும்பிய வீடுகளும் ஏராளம். அவற்றின் தலைக்கு மேல் நோட்டீஸ் எப்போதும் தொங்கும். கீழேயும் தரை நிலையாக இல்லை. சந்துக்குப் புதிதாகக் கல் பாவும்போதெல்லாம் சந்து உயர்ந்துவிடுகிறது, வீடு பள்ளமாகிறது. முதல் மழைக்கே தண்ணீர் உள்ளே. ஆகவே கட்டும்போதெல்லாம் இடிபாட்டைக் கொட்டி பர்ணி போட்டுத் தரையை ஏற்ற வேண்டும். ஏற்றினால் தலை இடிக்கும். அண்ணாச்சி இந்த மூன்று கணக்கையும் காகிதமில்லாமல் போட்டார்.

பணக் கணக்கும் காகிதமில்லாததுதான். பாதி முன்பணம், தளம் போட்டதும் கொஞ்சம், மிச்சம் சீட்டு எடுத்ததும். அக்கா கட்டும் ஏலச்சீட்டு எந்த மாதம் விழும் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். உத்தரவாதம் உண்டா என்று கேட்டேன். "நான் எங்க ஓடிப்போவப் போறேன்? ஒழுகுச்சின்னா விடிகாலைல என் வாசல்ல வந்து நிப்பாங்கள்லா."

வீடும் பட்டறையும் ஒன்றான இந்த அமைப்பைத் தாராவியில் இருந்தே ஆராய்ந்தவர்கள் உண்டு. மத்தியாஸ் எச்சனோவேயும் ராகுல் ஸ்ரீவஸ்தவாவும் தொடங்கிய அர்ப்ஸ் குழு இதைக் 'கருவி வீடு' என்கிறது. உளியும் மெஷினும் எப்படிப் பிழைப்புக்கான கருவியோ, அப்படியே அவற்றை வைத்திருக்கும் வீடும் என்பது அவர்கள் கட்சி. மேஸ்திரிகளை வடிவமைப்பாளர்களாக ஏற்றுப் பேசியவர்கள் அவர்கள்.

ஆனால் கருவி வீட்டில் குடியிருப்பவர் சொல்வதையும் கேட்க வேண்டும். அக்காவிடம் பெருமையாக ஏதோ சொல்லப் போனேன். மாவு பிசைந்த கையோடு நிமிர்ந்தார். "ஏணி ஏற முட்டி விடமாட்டேங்கு தம்பி. ராத்திரி பொம்பளப் புள்ளைய பொதுக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போயி வாசல்ல காவல் நிக்கது நாந்தானே? எனக்கு பிளாட்டு வேணும். கக்கூசு உள்ள இருக்கணும்." அண்ணாச்சியால் இதற்குத் தீர்வு தர முடியாது. மோரி கட்டித் தருவார். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். மலக்குழாயைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சந்தில் சாக்கடை இல்லையே. ஒரு மேஸ்திரியின் கைத்திறன் எங்கே முடிந்து அரசாங்கத்தின் கடமை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அந்த மோரிதான் எல்லைக்கல்.

அரசாங்கம் வராமலும் இல்லை. 1985இல் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தபோது அதில் ஒரு பங்கு தாராவிக்கு. 1995இல் குடிசைப் புனரமைப்பு ஆணையம். 2004இல் தாராவி முழுமைக்கும் ஒரு திட்டம். அது பல ஏலங்களைப் பார்த்து உறங்கியது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் ஒப்பந்தப்புள்ளியை வென்றது. இப்போது அந்தக் குழுமம் 80 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் கொண்ட கூட்டு நிறுவனம் வேலையை நடத்துகிறது. மாஹிமுக்கும் மாட்டுங்காவுக்கும் இடையிலான ரயில்வே நிலத்தில் மறுகுடியமர்வுக் கட்டடங்களுக்கு அடிக்கல் விழுந்துவிட்டது.

2000ஆம் ஆண்டு தொடங்கும் முன்பே இருந்த தரைத்தள வீட்டுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, கழிப்பறையோடு, இலவசம். அதற்குப் பிறகு 2011 தொடக்கம்வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு வெளியே வீடு. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு வெளியே வாடகை வீடு, விரும்பினால் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். வெளியே என்றால் முலுண்ட், காஞ்சூர்மார்க் உப்பளங்கள், தேவ்னார் குப்பைமேடு என்று பேச்சு. அக்காவிடம் பழைய போட்டோபாஸ் இருக்கிறது. மேலே மகன் குடித்தனம் வைத்தால் அவன் கணக்கு வேறு. ஒரே ஏணியின் கீழ்ப்படிக்கு ஒரு சட்டம், மேல்படிக்கு ஒரு சட்டம். அண்ணாச்சி வாழ்நாளெல்லாம் கட்டியது மேல்தளங்களைத்தான்.

வீடுகளைக் கணக்கெடுத்து எண் எழுதத் தொடங்கியதிலிருந்து சந்துகளில் வேலை வற்றிவிட்டது என்றார். எப்படியும் இடிக்கப் போகிற வீட்டில் யார் காசு போடுவார்கள்? அக்கா வீடு கல்யாண அவசரத்தால் வந்த விதிவிலக்கு. பிழைப்புக்கு இப்போது அவர் ரயிலேறுகிறார். நானும் ஏறினேன். சயானில் பிடித்து, வழியில் ஒருமுறை மாறி, கல்யாணுக்கு அப்பால் பத்லாப்பூர்.

உல்ஹாஸ் நதிப் பக்கம் வயல்கள் காய்ந்து கிடந்தன. மழைக்கு முன் நாற்றங்காலில் சருகு பரப்பி எரித்த ராப் கருந்திட்டுகள் அங்கங்கே. வயலை ஒட்டியே புதிய குடியிருப்புகள். மும்பையில் ஓர் அறைகூட வாங்க முடியாதவர்களுக்கு இங்கே பால்கனியோடு பிளாட். தாராவியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அண்ணாச்சியை அழைத்திருந்தது. வீட்டுக்காரர் பெல்ட் தைப்பவர். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, உடைக்க வேண்டுமாம். படுக்கையறைச் சுவரை எடுத்துவிட்டால் மேசை போடலாம், மேலே பரண் அடித்தால் தோலை அடுக்கலாம்.

அண்ணாச்சி விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். ஓரிடம் தட்டி, இன்னோரிடம் தட்டி, தலையை ஆட்டினார். "மிவான்."

மும்பைச் சுற்றுவட்டாரத்தில் உயரமாகக் கட்டும் பலரும் இப்போது அந்த முறைக்குப் போய்விட்டார்கள். அலுமினிய அச்சுப் பலகைகளைப் பூட்டி, சுவரையும் தளத்தையும் ஒரே மூச்சில் கான்கிரீட்டாக ஊற்றுவார்கள். செங்கல் இல்லை, பூச்சு வேலையும் அவ்வளவாக இல்லை. தளங்கள் சடசடவென்று ஏறும். அறைக்குள் இருக்கும் சுவரும் கம்பி ஓடிய, கட்டடத்தின் எடையைத் தாங்குகிற சுவராக இருக்கும். உடைத்தால் மேலே உள்ள வீடுகளுக்கு ஆபத்து. ஓர் ஆணி அடிக்கவே டிரில் வேண்டும். பெல்ட்காரர் கெஞ்சினார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். பால்கனிக்குக் கிரில் அடித்து, சமையலறை மேல் சின்னப் பரணுக்கு மட்டும் அளவெடுத்தார்.

திரும்பும் ரயிலில் கேட்டேன், தாராவியில் வரப்போகும் கட்டடங்களைப் பற்றி. அவருக்குக் கோபமில்லை. அவருக்கும் தரைத்தள வீடு. 350 சதுர அடி வரும். மனைவிக்குச் சர்க்கரை, கழிப்பறை உள்ளே இருந்தால் நல்லது. ஒரேயொரு யோசனைதான் சொன்னார். "பாரத்த தூணுல நிறுத்துங்க. உள்சுவர் ஒண்ணையாவது செங்கல்ல விடுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுவோம்."

இது ஏக்கமல்ல, பொறியியல். பாரத்தைத் தூண்களிலும் உத்திரங்களிலும் ஏற்றிவிட்டு நடுச்சுவரை லேசான கல்லில் எழுப்புவது உலகமெங்கும் செய்வதுதான். கூரையை ஓரடி உயர்த்தினால் பரணுக்கு இடம் வரும். செலவு கூடும், வேகம் குறையும், உண்மைதான். ஆனால் சதுர அடியை மட்டும் எண்ணிக் கொடுக்கும் திட்டத்தில் முறுக்கு அடுப்புக்கும் பெல்ட் மேசைக்கும் இடமில்லாமல் போனால், அக்கா விரும்பிய கழிப்பறை கிடைக்கும், அதற்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டும் வருமானம் போய்விடும். வரைபடம் போடும் மேசையில் தாராவி மேஸ்திரிகள் நாலு பேரை உட்கார வைத்தால், அளவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வியை அவர்களே கேட்டுவிடுவார்கள்.