தகப்பன் இல்லாதவர்களின் அமாவாசை

அன்புள்ள பெறாமகனுக்கு,

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் தாயை இழந்தவர்கள் சித்திரைப் பூரணையிலும் தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும் விரதம் பிடிப்பார்கள். இறந்தவரின் திதி வீட்டுக்கு வீடு வேறுபடும். இந்த இரண்டு நாட்களும் ஊருக்கே பொது. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை ஆடி அமாவாசை விரதம் ஒருவருக்கும் இல்லை. அதனால் அன்று விடியற்காலையில் கீரிமலையில் முழுகக் கூடுகிறவர்களில் மிகப் பலர் ஒரே இழப்பைக் கண்டவர்கள். இருபது வயதுப் பெடியனும் எழுபது வயதுக் கிழவரும் ஒரே படிக்கட்டில் ஈர வேட்டியோடு நிற்பார்கள்.

கீரிமலைக் கேணி கடலை ஒட்டியே இருக்கிறது. குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறைக்கு அடியால் ஓடிவரும் நன்னீர் அங்கே ஊற்றெடுத்துத் தேங்குகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் தீர்த்தமும் ஆடி அமாவாசையன்று இங்கேதான் நடக்கும். கிழக்கே மட்டக்களப்பில் அதே நாளில் மாமாங்கேசுவரர் கோயில் தீர்த்தம். முழுகி, தர்ப்பணம் செய்து வீடு திரும்பினால் விரதச் சமையல். அதில் காத்தோட்டிக்காய் இருக்க வேண்டும் என்பது வழக்கம். கசப்பான அந்தக் காட்டுக்காயை மற்ற நாட்களில் தேடி வாங்குகிறவர்கள் குறைவு.

இது ஆண்டுதோறும் வருவது. இறப்பு நடந்த முதல் மாதத்துக்கென்று தனி ஒழுங்கு உண்டு.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டையார் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தேத்தண்ணியும் பக்கத்து வீட்டுக் குசினியிலிருந்தே வரும். பந்தல் போடுவதும் கதிரை இரவல் வாங்கி அடுக்குவதும் ஊர் இளைஞர்களின் வேலை. பல கிராமங்களில் மாதச் சந்தா சேர்க்கும் மரண உதவிச் சங்கங்கள் இந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்கின்றன. பெண்கள் உள்ளே பிரேதத்தைச் சுற்றி இருந்து ஒப்பாரி சொல்வார்கள். புதிதாக ஒருத்தி படலையைத் தாண்டி வந்ததும் மகளைக் கட்டிப்பிடித்து அழுவாள். அப்போது மகளும் மறுபடி அழுவாள். பார்க்கிறவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியும். ஆனால் தனியாக அழ விடாமல் பார்த்துக்கொள்வதற்கு இதைவிட நேரான வழி ஊருக்குக் கிடைக்கவில்லை. ஆண்கள் முற்றத்தில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி இருந்து அரசியல் பேசுவார்கள். அழப் பழகாத மகனுக்கு அது எவ்வளவு உதவும் என்பது சந்தேகமே. அவனுக்குக் கிடைப்பது வேலைதான்: தலை வழித்தல், கொள்ளி வைத்தல், குருக்கள் சொன்னபடி கிரியை செய்தல். மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பார்கள். சிறுபிள்ளைக்கும் அங்கே ஓர் இடம் உண்டு.

பிறகு சாம்பல் அள்ளும் காடாத்து, எட்டுச்செலவு, 31ஆம் நாளில் அந்தியேட்டி. எட்டுச்செலவில் இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டவற்றைச் சமைத்துப் படைப்பார்கள். அந்தியேட்டி கீரிமலையிலோ வேறு நீர்நிலையிலோ நடக்கும். வீட்டுக்கிருத்தியத்தோடு உறவினருக்கு மதியபோசனமும் உண்டு. அன்று விநியோகிக்கும் சிறு புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர். திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல் என்பது அதன் வழக்கமான அமைப்பு. புலம்பல்களைப் பெரும்பாலும் ஊர்ப் புலவர் ஒருவர்தான் எழுதிக் கொடுப்பார். சொல் வராத மகனுக்குப் பதிலாக இன்னொருவர் சொல் தேடித் தருகிறார் என்றால் அதில் பிழை காண எதுவுமில்லை. நினைவு மலர் என்று வளர்ந்துவிட்ட இந்தப் புத்தகங்களை நூலகம் நிறுவனம் மின்வடிவில் பாதுகாக்கிறது. பல கிராமங்களின் குடும்ப வரலாறு இவற்றில்தான் மிஞ்சியிருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்களும் 31ஆம் நாள் நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது உண்டு.

இந்த ஒழுங்கை ஊரின் ஒற்றுமை என்று மட்டும் சொல்வது பொய்யாகும். பறை அடித்தவரும் துணி வெளுத்தவரும் முடி வழித்தவரும் சாதிக் கட்டுப்பாட்டால் அந்த வேலைக்குக் கட்டப்பட்டிருந்தவர்கள். சுடலைகளும் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது, தீர்த்தத்துக்குச் சுவாமி கீரிமலை போகும் அதே மாவிட்டபுரத்தில்தான். துக்கத்தைப் பங்கிட்ட ஊர் அவமானத்தையும் சேர்த்தே பங்கிட்டது.

பிறகு போர் வந்தது. 1990இல் கீரிமலையும் அடங்கிய வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். கீரிமலைப் பகுதி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அந்த ஆண்டுகளில் பலர் வேறு கடற்கரைகளில் கிரியைகளை முடித்துக்கொண்டார்கள். போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நிலை இதைவிடக் கடினம். உடலும் இல்லை, திதியும் இல்லை. கிரியை செய்தால் தகப்பன் இறந்துவிட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று செய்யாமலே இருக்கும் குடும்பங்கள் உண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் வீதியோரப் போராட்டத்தில் கேட்கப்படுவது பதில். ஊர்ச் சடங்கு எதனாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்டு பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. 1983 இனக்கலவரத்துக்குப் பின் அறிவித்தல்களில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் கனடா, லண்டன், பாரிஸ் என்று அடைப்புக்குறிகள் பெருகின. இப்போது ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஊர்ச் செத்தவீட்டைத் திரையில் பார்க்கிறான். பார்ப்பது நடக்கிறது, பக்கத்தில் ஒருவர் வந்து இருப்பது நடப்பதில்லை. சில நாள் விடுப்பு முடிந்ததும் வேலை. அங்கே 31 நாள் ஒழுங்கு ஓடாது. அந்த இடைவெளியைக் கொஞ்சமேனும் நிரப்புகிறவை ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோயில்களும்தான். கண்ணீர் அஞ்சலி அச்சிடுவதோடு நிற்காமல், அந்தியேட்டி கழிந்த பிறகும் சாப்பாட்டோடு வீட்டுக்கு வந்து போகிற சங்கமே உருப்படியான சங்கம்.

ஆடி அமாவாசை ஆடி மாதத்தில், ஆங்கில மாதக் கணக்கில் யூலை நடுவுக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையில் வரும். புலம்பெயர் நாடுகளின் சைவக் கோயில்களிலும் அன்று தர்ப்பணம் செய்விக்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, வேலைக்கு முன்கூட்டியே லீவு சொல்லி, அன்று காலை நீயும் அந்தத் தர்ப்பண வரிசையில் போய் நில்.

இப்படிக்கு,
சித்தப்பா